டிரக்க நாமளே ஓட்டிட்டு போலாமா? ஆர்மி டிரான்ஸ்ஃபர் அனுபவம்

வீட்டுக்காரர் யூஎஸ் ஆர்மில சார்ஜென்ட். டெக்சாஸ்ல இருக்கற ஃபோர்ட் ப்ளிஸ் ஆர்மி பேஸ்ல இருந்து கொலராடோல இருக்கற ஃபோர்ட் கார்சனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததும் வீட்ல ஒரே சண்டை, சாமான தூக்க கவர்மெண்ட் அனுப்பற மூவர்ஸ விடலாமா இல்ல நாமளே தூக்கிட்டு போலாமான்னு. நாமளே போனா, மூவர்ஸ விட்டிருந்தா என்ன செலவு ஆகியிருக்குமோ அத கவர்மெண்ட் நமக்கு குடுக்கும், நம்ம செலவு போக மிச்சம் நம்மளுது, ஆனா அந்த மிச்சத்துக்கு டேக்ஸ் உண்டு, அத யாரும் முதல்ல சொல்றதில்ல. ஈ-5 (சார்ஜென்டோட சம்பள கிரேடு), ஃபேமிலியோட இருந்தா 9,000 பவுண்டு சாமான் வரைக்கும் கணக்கு.

கடைசில பாதி பாதி. சோபா, கட்டில், வாஷிங் மெஷின் மூவர்ஸ்க்கு, கிரைண்டர், பித்தளை பாத்திரம், டூல்ஸ் வாடகை டிரக்ல (கிரைண்டர் கல்ல அவங்க கைல குடுக்க எனக்கு மனசே வரல).

தப்பு எங்கன்னா, காலி டிரக்க எடை போடாமலே லோடு ஏத்திட்டோம். காலி டிரக்குக்கு ஒண்ணு, லோடோட ஒண்ணுன்னு எடை சீட்டு ரெண்டும் இல்லாம காசு வராதே! ஆர்மியோட டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆபீஸ்ல கேட்டா, போய் இறக்கிட்டு அங்க காலியா போடுங்கன்னாங்க, அவ்ளோதான். லோடோட வழில டிரக் ஸ்டாப் ஸ்கேல்ல ஒண்ணு, கொலராடோல இறக்கிட்டு ஒண்ணு, ரெண்டு தடவையும் டேங்க் ஃபுல், உள்ள ஆள் இல்லாம. வழில ரட்டான் பாஸ்ங்கற மலைக் கணவாய் ஏத்தத்துல டிரக் முக்குனது தனிக்கதை.

டிரக் வாடகை, டீசல், அட்டப்பெட்டி ரசீதெல்லாம் கிளெய்ம்ல வச்சோம், டேக்ஸ் பிடிக்கற தொகை குறைஞ்சுது.