ஒத்தடம்: சூட்டைக் கூட்டினால் ஆழத்துக்குப் போகுமா?

பிசியோதெரபி மாணவர்கள் பயிற்சிக்கு வரும் மாதங்களில் எனக்கு வேலை இரட்டிப்பாகிவிடும். அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகளையே ஒன்று விடாமல் செய்கிறார்கள். சுளுக்கிய அன்றே சூடு வைக்கக் கூடாது, வீக்கத்தின் மேல் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த கதை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

“சூடே தெரியல” என்றதும் துண்டை உருவுவது

ஹாட் பேக் என்பது 70 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெந்நீரில் கிடக்கும் பை. ஆறு முதல் எட்டு மடிப்பு டர்க்கித் துண்டு சுற்றித்தான் முதுகில் வைக்க வேண்டும். வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, “தம்பி, சூடே ஏறலையே” என்பார் படுத்திருக்கும் அம்மா. தம்பியும் நல்ல பிள்ளையாக இரண்டு மடிப்பை உருவிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துண்டைத் தாண்டி வரும் சூடு தோலில் உச்சத்துக்கு ஏற எட்டு, பத்து நிமிடம் ஆகும். இரண்டாவது நிமிடத்தில் குறைத்த மடிப்பின் விளைவு அப்போதுதான் தெரியும். அதற்குள் தம்பி அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். இப்படி ஒரு முறை நடந்தபோது, அந்த அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை நோய். தோலில் உணர்ச்சி குறைந்திருந்ததால்தான் சூடு தெரியவில்லை என்றிருக்கிறார். கடைசிவரை “இதமா இருக்குப்பா” என்றார். பையை எடுத்தபோது இடுப்பில் கொப்புளம். முதுகுவலிக்கு வந்தவர் புண்ணுக்கு மருந்து கட்டப் பல வாரம் அலைந்தார்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: சுரீர் என்று சுட்டால்தான் உள்ளே இறங்கும். இறங்காது. ஹாட் பேக்கோ வெந்நீர்ப் பையோ, தோலுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரைதான் நன்றாகச் சூடேற்றும். அதற்கடியில் உள்ள கொழுப்பு சூட்டை எளிதில் கடத்தாது. போதாததற்கு, தோலில் ஓடும் இரத்தம் வந்த சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். புட்டத்தின் அடித்தசை அதைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது. நீங்கள் கூட்டும் சூடு தோலைத்தான் வேகவைக்கும்.

அப்புறம் எப்படி வலி குறைகிறது? தோலில் படும் இதமான சூடு நரம்புகள் வழியாகவே உள்தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதற்கு மிதமான சூடு, 15 முதல் 20 நிமிடம் போதும். ஆழத்தையே சூடாக்க வேண்டுமென்றால் ஒலி அலையால் சூடேற்றும் அல்ட்ராசவுண்ட், மின்காந்த அலையால் சூடேற்றும் ஷார்ட்வேவ் போன்ற கருவிகள் இருக்கின்றன. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஷார்ட்வேவ் ஆகவே ஆகாது என்பது தனிக் கதை.

ஆகவே பை வைக்கும் முன், இரண்டு சோதனைக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து அந்த இடத்தில் மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். எது சூடு என்று சரியாகச் சொல்லாதவருக்கு ஹாட் பேக் வேண்டாம். ஐந்தாவது நிமிடம் துண்டை விலக்கித் தோலைப் பாருங்கள். வீட்டில் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கும் பாட்டிகூட மூட்டையைத் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒற்றுவார். அதுவும் ஒற்றி ஒற்றி எடுப்பார், அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்.

பையின் மேலேயே படுப்பது

கூடாது. உடல் எடை துண்டை நசுக்கிவிடும், மடிப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தைலம் தேய்த்து அதன்மேல் சூடு

ஏதாவது ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தோல் புண்ணாகும்.

மின்சார ஒத்தடப் பட்டையோடு தூங்குவது

44 டிகிரி பெரிய சூடாகத் தெரியாது. ஆனால் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அதுவே தோலைப் பொசுக்கப் போதும். அதைவிடக் குறைந்த சூட்டையும் தினமும் வைத்துக்கொண்டிருந்தால் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழும். இடுப்பில் அந்த வலையோடு வருபவர்களிடம் பட்டையை நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சூடு வைத்ததோடு வீட்டுக்கு அனுப்புவது

தசை தளர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தானே இவ்வளவு பாடும்? பையை எடுத்த கையோடு நீட்சிப் பயிற்சியைத் தொடங்குங்கள். முழங்காலை மார்புப் பக்கம் மெதுவாக இழுத்து 30 விநாடி, பிறகு அடுத்த கால். பில் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.