வீட்டு ஸ்டுடியோவில் காசைத் தின்னும் தவறுகள்

மைக்கைத் திருப்பி வைத்துப் பாடுவது, ரெக்கார்ட் பட்டனை அழுத்தாமலே முழுப் பாட்டையும் முடித்துவிடுவது, மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் சுவிட்சைப் போடாமல் "கண்டென்சர் மைக் செத்துப்போச்சு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது. இவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் மறுதடவை நடக்காது. செய்கிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் தொடர்கிற தவறுகள்தான் ஆபத்து. புதிதாக ரெக்கார்டிங்கில் இறங்கும் தம்பிகள் பாட்டை அனுப்பி, "அண்ணா, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட அதே கோளாறுகள்தான்.

நாலு சுவருக்கும் ஃபோம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தெரிந்த பையன் ஒருவன் மொட்டைமாடி அறையை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தான். பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். நாலு சுவரிலும் ஓரங்குலக் கறுப்பு ஃபோம், இடுக்கு விடாமல். இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கொடுத்ததைவிட ஃபோமுக்குக் கொடுத்தது அதிகம். கை தட்டிக் காட்டினான். எதிரொலி இல்லை, முகத்தில் பெருமை. பாட்டைப் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அதையே காரில் போட்டால் கதவு அதிர்கிறது. கார் ஸ்பீக்கர் சரியில்லை என்பது அவன் கட்சி.

விஷயம் இதுதான். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் கீழ் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஓரங்குல ஃபோம் அதற்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போனால்தான் அது உருப்படியாக உறிஞ்சும். குரலின் தெளிவு, ஜால்ராவின் மினுமினுப்பு எல்லாம் ஃபோமுக்குள் போய்விடும். 'கும்'மென்று அறைக்குள் சுற்றும் கீழ் ஒலி அப்படியே நிற்கும். அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் வரும் அறைகள் பலவும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அங்கே கீழ் ஒலி கொஞ்சமாவது சுவர் வழியே கசிந்து வெளியேறும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதைத் திருப்பி உள்ளேயே அனுப்பும்.

பத்தடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸ் அலை அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் அதன் சத்தம் பெருகும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றேயானால் இந்தக் கூத்து மூன்று திசையிலும் ஒரே எண்ணில் நடக்கும். அந்தப் பையன் நாற்காலியைப் போட்டிருந்தது நட்டநடுவில். பேஸ், அதாவது கீழ் ஒலி, காதில் விழவில்லை, ஏற்றினான். இன்னும் விழவில்லை, இன்னும் ஏற்றினான். கார் கதவு அதிராமல் என்ன செய்யும்?

அதே நடு இடத்தில் 113 ஹெர்ட்ஸ் நேர்மாறாகப் பெருகும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல் மந்தரத்தில் தைவதம், நிஷாதம் பக்கம் இறங்கினால் விழும் இடம் அதுதான். அந்த ஸ்வரம் மட்டும் உப்பிக்கொண்டு வரும். அவன் அதற்குப் பாடகரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்! அப்புறம் ஈக்யூ (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது), புது மைக் என்று வரிசையாகச் செலவு. சரி, மைக் என்ன செய்யும், பாவம். அறையில் இருப்பதைத்தானே அது எடுக்கும்?

வெளிச் சத்தத்தையும் ஃபோம் தடுக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்த வேண்டுமானால் கனமான சுவர் வேண்டும், கதவு இடுக்கை ரப்பர் வைத்து அடைக்க வேண்டும். இன்னொன்று, மலிவான பாலியூரிதேன் ஃபோம் தீயை வாரிக்கொள்ளும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில், மேடை வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். நம் ஆட்கள் அந்த ஃபோமுக்கு மேலேயே பிளக் போர்டை அறைகிறார்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் செலவில்லாத வேலை. 40இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஸ்வீப் ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, உட்காருமிடத்தில் இருந்து கேளுங்கள். எங்கே சத்தம் பெருகுகிறது, எங்கே விழுகிறது என்று காதே சொல்லும். அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் இலவச மென்பொருள்தான். அளக்கும் மைக் கிடைத்தால் வரைபடமாகவே பார்க்கலாம். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்துங்கள். பத்தடி அறையில் முன்சுவரிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடங்கி, முன்பின் நகர்த்திப் பாருங்கள். பிறகு ஃபோமுக்கு வைத்திருந்த காசில் நாலங்குல ராக்வூல் (கல் இழைப் பலகை) வாங்கிச் சட்டமடித்து, துணி போர்த்தி, அறை மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே நாலங்குல இடைவெளி விட்டால் இன்னும் கீழே வரை வேலை செய்யும். கையாளும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், அரிப்பு லேசுப்பட்டதல்ல. குரல் மட்டும் எடுப்பவருக்கு அதுகூட வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். ஒரு மெத்தையைப் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள், போதும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக்

வலப்பக்கத்து வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத்துத் தொப்பிக்கு ஒன்று வைப்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் பிரமாதம், சேர்த்தால் தொப்பியின் குமுக்கு பாதி காணாது. ஒரு பக்கம் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது. உள்ளே இருக்கும் காற்று எதிர்த்தோலை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் ஒரே அடியை எதிரெதிராகப் பதிவுசெய்ய வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் போட்டு, ஒரு டிராக்கின் போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றிக் கேளுங்கள். எதில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஈக்யூவைத் தொடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சிவப்பு விளக்கைத் தொட்டால்தான் தரம் என்பது

டேப் காலத்துப் பழக்கம். 24 பிட் பதிவில் சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டிபியில் (டெசிபல்; பூஜ்யம்தான் எல்லை) நின்றால் ஒன்றும் குறையாது. எல்லையைத் தாண்டி கிளிப் ஆன, அதாவது உச்சி வெட்டுப்பட்ட குரலை ஒழுங்காக மீட்க வழியில்லை.

பிளக்-இன் போட்டதும் "அடடா!"

பிளக்-இன் என்பது மென்பொருளுக்குள் சேர்க்கும் ஈக்யூ, கம்ப்ரஸர் மாதிரி துணைக் கருவி. போட்டதும் சத்தம் ஒரு டிபி கூடியிருக்கும், அவ்வளவுதான். அளவைச் சமமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். பாதி பிளக்-இன்களை எடுத்துவிடுவீர்கள். மாஸ்டரை (முடித்து வெளியிடும் பாட்டு) நசுக்கிச் சத்தமாக்கியும் பலனில்லை. யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (பாட்டின் சராசரிச் சத்த அளவு) இறக்கிவிடும்.

ஹெட்ஃபோனில் இரட்டைக் குரல்

டைரக்ட் மானிட்டர் (இன்டர்ஃபேஸிலிருந்து நேராகக் கேட்பது), மென்பொருள் மானிட்டர் (கணினி வழியே சற்றுத் தாமதமாகக் கேட்பது) இரண்டும் ஓடுகின்றன. ஒன்றை அணையுங்கள்.

44.1-ம் 48-ம்

இவை சாம்பிள் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற எண். வீடியோவுக்கு வேலை என்றால் முதல் நாளே 48இல் தொடங்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 48 என்று தப்பாகத் திறந்தால் சுருதி அரைச்சுரத்துக்கும் மேலே ஏறும், தாளமும் ஓடும்.

ஃபேன்

நிறுத்துங்கள். வியர்க்கட்டும்.

"ஙொய்" என்ற இரைச்சல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சலும் 50, 100, 150 என்று வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆளைப் பிடித்தாயிற்று. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள், ஸ்பீக்கருக்கு இரைச்சலைத் தள்ளிவிடும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரைச்சல் போகிறதே என்று எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். ஷாக் அடித்தால் அது மைக்கைத் தொடும் பாடகர் உதட்டில்தான் அடிக்கும்.