ஆட்டின் தாடைக்கடியில் வீக்கமா? புழுவா என்று கண்டறியும் முறை

மழைக்காலத்திலும் அது முடிந்த கையோடும் ஆடுகளின் தாடைக்கடியில் நீர் கோத்து நிற்பதைப் பார்க்கலாம். வயிற்றுப்புழு இரத்தத்தை உறிஞ்ச, இரத்தத்தில் புரதம் குறைந்து, நீர் கசிந்து கீழே தேங்குகிறது. அதற்காகக் கழுத்து வீங்கிய ஆட்டுக்கெல்லாம் புழு மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

முதலில் வீக்கத்தை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அது நீர்க்கோவை. மேய்ந்து வந்த மாலையில் பெரிதாகவும் காலையில் வடிந்தும் இருந்தால் புழுச் சந்தேகம் வலுக்கும். கெட்டியான உருண்டை என்றால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். பிறந்த குட்டிக்கே கழுத்து வீங்கியிருந்தால் அயோடின் குறைவு. காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

அடுத்து, பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உள்தோல் காகிதமாய் வெளுத்திருந்தால் இரத்தசோகை. புழுக்கை கெட்டியாகவே இருந்து இமை வெளுத்தால் ஹீமான்கஸ் எனும் உருண்டைப்புழு மேல்தான் முதல் சந்தேகம்.

இனி சாணப் பரிசோதனை. கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே 5 கிராம் எடுங்கள். தரையில் கிடப்பதில் மண்ணில் வாழும் நுண்புழுக்களின் முட்டையும் கலந்திருக்கும். வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து புழு வெளிவந்துவிடும். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

1 லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள். அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்க வேண்டும். 3 கிராம் சாணத்தை 45 மி.லி. உப்புநீரில் மசித்து, டீ வடிகட்டியில் வடித்து, சிறு குப்பியில் விளிம்பு ததும்ப ஊற்றி, மேலே கவர் கண்ணாடியை வையுங்கள். 15 நிமிடம் கழித்து நேராகத் தூக்கி ஸ்லைடில் வைத்து, நுண்ணோக்கியின் 10 மடங்கு லென்சில் பாருங்கள். மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்தாய் செல்கள் தெரிந்தால் உருண்டைப்புழு முட்டை. நேரம் நீண்டால் முட்டை சுருங்கிவிடும், உப்பும் படிகமாகும்.

பலர் தவறுவது இங்கேதான்: தட்டைப்புழு முட்டை கனமானது, உப்புநீரில் மிதக்காது. எனவே ‘முட்டை இல்லை’ என்று முடித்துவிடாமல், மீதிச் சாணத்தைச் சாதாரண நீரில் கரைத்து வடித்து 5 நிமிடம் வையுங்கள். மேல்நீரை ஊற்றிவிட்டு, தெளியும்வரை இப்படியே செய்யுங்கள். வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டால் கசடு நீலமாகும். தட்டைப்புழுக்களில் ஈரல் புழுவின் முட்டை மஞ்சளாகவும், ஆம்பிஸ்டோம் எனும் வயிற்றுத் தட்டைப்புழுவின் முட்டை நிறமற்றும் தெரியும்.

நாற்றக் கழிச்சலோடு வீக்கம் இருந்து முட்டையே தெரியாவிட்டாலும் ஆம்பிஸ்டோமை விட்டுவிட முடியாது. அதன் குஞ்சுப்புழு முட்டையிடும் முன்பே குடலைச் சிதைக்கும். குட்டையோரம், நெல்வயலோரம் மேய்ந்த ஆடா என்று கேளுங்கள். நத்தை வழியாகத்தான் இது பரவுகிறது.

எந்தப் புழு என்று தெரிந்தபின் மருந்தையும் அளவையும் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். உருண்டைப்புழுவுக்கு மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மறுபடி சாணம் பாருங்கள். முட்டை அப்படியே இருந்தால் ஒன்று அளவு குறைந்திருக்கும், அல்லது அந்த மருந்துக்குப் புழு பழகியிருக்கும்.