குறைந்ததை ஊற்றிவிட்டால் பழுது போய்விடுமா? மலையகத்தில் வீட்டிலேயே கார் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் இருந்த காரையே இழுத்துப் பிடித்து ஓட்டிய நம்மில் பலருக்குப் பொனட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் பார்த்துப் படிக்கும் யூடியூப் காணொளிகளில் கார் சமதரையில் நிற்கிறது. ஹட்டனிலும் அப்புத்தளையிலும் வீட்டு வாசலே சரிவு.

சரிவைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எது குறைந்தாலும் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது. தண்ணீர் குறைந்தால் தண்ணீர், பிரேக் ஒயில் குறைந்தால் பிரேக் ஒயில். குறைந்தது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய செலவில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் இதுதான்.

முதலில் சரிவை முடித்துவிடுவோம். முன்பக்கம் ஏறியோ ஒருபக்கம் சாய்ந்தோ நிற்கும் காரில், எஞ்சின் ஒயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒயில் கூடவும் காட்டும், குறையவும் காட்டும். குறைவு என்று நம்பி அரை லீற்றர் ஊற்றினால், சமதரையில் அது மேல்கோட்டைத் தாண்டி நிற்கும். கூடிப்போன ஒயிலை எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஒயில் எஞ்சினைச் சரியாகக் காக்காது. ஆகவே ஒயில் பார்ப்பதைப் பெற்றோல் செட்டிலோ, கோயில் முன்றலிலோ, தேயிலை பெக்டரி முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடமாவது விட்டு, கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். எஞ்சினை ஆற்ற ரேடியேட்டரில் ஓடும் திரவமான கூலன்ட்டின் அளவு பார்ப்பதற்கும் சமதரைதான் வேண்டும்.

ரேடியேட்டர்: பீலித்தண்ணி வைத்தியம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறினால் சுமார் 1,400 மீற்றர் உயரம் கூடுகிறது. புசல்லாவையைத் தாண்டி றம்பொடை வளைவுகளில் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும் கார்களைப் பார்க்காதவர்கள் குறைவு. பக்கத்தில் மலைத்தண்ணீர் வந்து விழும் ஒரு பீலி இருக்கும், கையில் ஒரு போத்தல் இருக்கும். “கொஞ்சம் தண்ணி ஊத்துனா போதும்ணே” என்று சொல்ல யாராவது ஒருவரும் கட்டாயம் இருப்பார்.

அவர் சொல்வதைக் கேட்டு அந்த நேரத்தில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. மூடி விலகியதும் கொதிநீரும் ஆவியும் முகத்துக்கு நேரே பீறிடும். சூடான எஞ்சினுக்குள் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கவும் வளையவும் இடமுண்டு. சூடு காட்டும் மானியின் ஊசி மேலே ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஓரம் கட்ட இடம் பாருங்கள். ஹீட்டர் எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை வெளியே இழுத்துவிடும். ஆவியே வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணித்தியாலமாவது ஆறட்டும். மேல் ஹோஸைக் கையால் தொட முடிகிற அளவுக்குச் சூடு இறங்கிய பிறகுதான், மூடியில் தடித்த துணியைப் போட்டு மெல்லத் திருகலாம்.

கொழும்பில் ஒரு குறையும் சொல்லாத கார் இங்கே வந்து கொதிப்பதற்கு ஏற்றம் மட்டும் காரணம் இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஓடும் எஞ்சினின் சூடு சாதாரணமாகவே 90 பாகையை ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நம்மைக் காப்பது ரேடியேட்டர் மூடி. அதன்மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்குமே, அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக் கொதிநிலையை 110 பாகைக்கும் மேலே தள்ளிவைக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கராஜில் தேர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குமுன் மூடியை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மலிவான சாமான் அதுதான்.

“இங்கே தண்ணீர் உறைவதில்லையே, கூலன்ட் எதற்கு?” என்றும் கேட்பார்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படியும், ரேடியேட்டர் உறையாது, உண்மைதான். கூலன்ட் இங்கே செய்யும் வேலை வேறு. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறது. பீலித்தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் துருத்தடுப்பு இல்லை. அவசரத்துக்கு ஊற்றினால் ஊர் வந்ததும் இறக்கிவிட்டுச் சரியான கூலன்ட் போடுங்கள். பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். நிறத்தை மட்டும் நம்பி வாங்கவும் வேண்டாம், காரின் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள்.

சரி, குறைந்த தண்ணீர் எங்கே போனது? ஹோஸ் முனைகளில் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருக்கிறதா, வாட்டர் பம்புக்குக் கீழே கோடு ஓடியிருக்கிறதா, முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பட் ஈரமா என்று பாருங்கள். கார்ப்பட் ஈரமாக இருந்து இனிப்பு வாடையும் வந்தால் ஹீட்டரின் உள் ரேடியேட்டர் ஒழுகுகிறது. வெளியே ஒன்றும் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம்.

இங்கே இன்னொரு அவசர முடிவையும் சொல்ல வேண்டும். ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் தேநீர் நிறத்தில் களி. உடனே “ஹெட் கேஸ்கட் போச்சு” என்று தீர்ப்பு. குளிரான ஊரில் வீட்டிலிருந்து டவுனுக்கும் பாடசாலைக்குமாகக் குறுகிய தூரமே ஓடும் காரில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் ஒயிலோடு கலந்து மூடியில் இப்படி ஒட்டும். டிப்ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்து, கூலன்டும் குறையாமல் இருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஒரு நாள் நீண்ட ஓட்டம் விட்டுப் பாருங்கள்.

பிரேக்: இங்கே விளையாட முடியாது

பிரேக் ஒயில் தானாகத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மட்டம் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் பிரேக் பேட் தேய்கிறது என்று அர்த்தம். சட்டென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நாம் போத்தலை எடுத்து ஊற்றி அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறோம். பிறகு புதுப் பேட் போடும்போது பிஸ்டன் உள்ளே போக, கூடுதலாக ஊற்றியது வெளியே வழிந்து பெயின்டைத் தின்னும். பவர் ஸ்டீரிங் ஒயிலையோ எஞ்சின் ஒயிலையோ பிரேக் தொட்டியில் ஊற்றுவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதி, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்திலுள்ள புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அதற்குரிய தர அளவு 140 பாகைதான். டொட் 4இல் இது 230, 155. எல்லயிலிருந்து வெல்லவாய வரை பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஒயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை போகும். ஆறியதும் பழையபடி இறுகும். “இப்ப சரியாத்தானே இருக்கு” என்று அதை விட்டுவிடுவதுதான் தவறு. பெடல் ஒருமுறை அப்படி இறங்கியிருந்தால் ஒயிலை முழுமையாக மாற்றுங்கள். அப்படி ஒன்றும் நடக்காவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆறு மாதமாகத் திறந்து கிடக்கும் பாதிப் போத்தலைப் பாவிக்க வேண்டாம்.

சில்லிலிருந்து புகை வருகிறது என்று பீலியடியில் நிறுத்தி வாளித்தண்ணீர் ஊற்றுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தண்ணீர் பட்டதும் சீறுமே, அந்தச் சத்தத்தோடு டிஸ்க் வளைகிறது. அதன் பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீரிங் நடுங்கும். நிறுத்திவிட்டுத் தானாக ஆற விடுங்கள். அதைவிட நல்லது, ஏறிய கியரிலேயே இறங்குவது. ஓட்டோ கியரில் எல், 2, எஸ் என்று எது இருக்கிறதோ அது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ‘B’. ஹைபிரிட்டில் நீண்ட இறக்கத்தில் பெரிய பற்றரி நிறைந்துவிட்டால் மின்மோட்டர் தரும் பிடி குறையும். அந்த நேரத்துக்குத்தான் ‘B’ இருக்கிறது.

நியூட்ரலில் உருட்டி பெற்றோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்ஜெக்ஷன் காரில் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் அது குடிக்கிறது.

ஜெக்கும் கல்லும்

சரிவில் டயர் மாற்றும்போது ஓட்டோ கியர் ‘P’யில் (பார்க்கிங்) இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். முன்சில்லு இழுக்கும் காரில் ‘P’ பூட்டுவது முன்சில்லுகளை. அதில் ஒன்றை ஜெக்கில் தூக்கியதும் அது சும்மா சுற்றும், இரண்டு முன்சில்லுகளையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியே மற்றதும் உருளும். காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. பின்சில்லைத் தூக்கினால் அதிலும் பாதி போய்விடும். எனவே இயன்றவரை சமமான இடத்துக்கு நகர்த்துங்கள், காற்றில்லாத டயர் கெட்டாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் தூக்காத சில்லுகளுக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் கல் வையுங்கள். நட்டுகளைத் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்துங்கள். ஈரமண்ணில் ஜெக்குக்கு அடியில் பலகை போடுங்கள். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடுவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

டயர் காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள். “மேலே அடிச்ச காத்து கீழே போனா மாறிடும்” என்ற பேச்சுக்கு ஒரு கணக்கு: காலையில் 10 பாகைக் குளிரில் நுவரெலியாவில் 30 அடித்துக்கொண்டு 30 பாகைச் சூடுள்ள கொழும்புக்கு இறங்கினால், சூடு ஏற்றுவதைக் கீழே கூடும் வளிமண்டல அழுத்தம் இறக்கிவிடும். மானி ஏறக்குறைய அதே 30ஐக் காட்டும்.

பற்றரியும் ஹைபிரிட்டும்

குளிர்காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புதுப் பற்றரி வாங்கி ஓடுவார்கள். முதலில் முனைகளில் பூத்திருப்பதைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும்: இரவு முழுக்க ஓய்ந்த பற்றரியில் 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில். ஓடும்போதும் 12தான் காட்டினால் ஓல்டர்னேட்டரைப் பாருங்கள். புதுப் பற்றரியும் அதே கதிக்குத்தான் வரும். இன்னொரு காரிலிருந்து வயர் கொடுக்கும்போது கடைசி கறுப்பு முனையைச் செத்த பற்றரியில் மாட்டாமல், எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரிக்குத் தள்ளி மாட்டுங்கள். உதவி கேட்டு வரும் லொறிக்கு உங்கள் ஹைபிரிட்டிலிருந்து வயர் கொடுக்காதீர்கள்.

சிவிடி (CVT) என்ற வகை ஓட்டோ கியருக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயில் ஊற்றுவது கியர்பொக்ஸையே கொல்லும். கடையில் “எல்லாம் ஒண்ணுதான்” என்றால் வேறு கடை பாருங்கள்.

ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொட வேண்டாம், அது பயிற்சி பெற்றவர் வேலை. ஆனால் பின் இருக்கைப் பக்கமுள்ள பற்றரி விசிறியின் காற்று வழி உங்கள் வேலைதான். அந்தத் துளைகளுக்கு மேலே பயணப் பையையும் மரக்கறி மூட்டையையும் அடுக்கி வைக்காதீர்கள். தோட்டப் பாதைத் தூசியும் இருக்கைத் துணியின் பஞ்சும் அதில் அடைத்தால் பெரிய பற்றரி சூடேறிச் சீக்கிரம் கெடும். சேர்விஸ் போடும்போதெல்லாம் அதன் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.