டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள்

எங்கள் வீட்டிலிருந்து மருந்துக்கடை 300 மீட்டர்தான். போன ஆடியில் அம்மா நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தார். அன்று மாலையே தையல் டேப்போடு போய் அளந்தேன். விளிம்பின் உயரம் 28 சென்டிமீட்டர். நம் வீட்டுப் படியே ஏறக்குறைய 15தான்!

உங்கள் தெரு நடைபாதையையும் அளந்து, சரிசெய்யச் சொல்லி மனு எழுதுங்கள். முதலில் அகலம். மின்பெட்டி, மரம், கடைப்படி என்று எது வழியை மறிக்கிறதோ, அந்த இடத்தில் மிஞ்சும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 விதிமுறை தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. எங்கள் மின்பெட்டி அருகே இருந்தது 55 சென்டிமீட்டர்.

அப்புறம் உயரம். அதே விதிமுறைப்படி விளிம்பு 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சென்னையில் பல தெருக்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலை உயர்த்திக் கட்டினால் நடைபாதையும் கூடவே உயர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏற ஒரு சரிவு. பத்து வீட்டைக் கடப்பதற்குள் பத்து முறை ஏறி இறங்கினால் முட்டி என்ன ஆகும்? நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பூக்காரம்மாவையும் இளநீர் வண்டியையும் அகற்றச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கம் தைரியமாக நடப்பது அவர்கள் இருப்பதால்தான். சாலையோரமாக, மரமும் விளக்குக் கம்பமும் நிற்கும் வரிசையில் அவர்களுக்கும் இடம் கேளுங்கள். 2019-இல் மாற்றியமைத்த தி.நகர் பாண்டி பஜாரை ஒருமுறை நடந்து பாருங்கள், அகலமான நடைபாதை என்றால் என்னவென்று காலுக்கே புரியும்.

டேப் தெரியும்படி படம் எடுத்து, கதவு எண்ணோடு ஒரே தாளில் எழுதி, வார்டு கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் கொடுங்கள். வடிகால் வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கான்கிரீட் கொட்டிய பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

எங்கள் தெருமுனையில் இப்போது வடிகாலுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு, வேலை ஆரம்பிக்கும் முன், டேப்போடு அங்கே நிற்பேன்.