அடிமைக் கப்பல் பட்டியலில் ஆளைத் தேடுவது எப்படி?

சாலமன் நார்த்தப்பைத் தேடி மூன்று இரவுகளை வீணாக்கினேன். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த சுதந்திர மனிதர். 1841இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, ரிச்மண்டிலிருந்து 'ஆர்லியன்ஸ்' என்ற பாய்மரக் கப்பலில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பப்பட்டவர். ஊர், ஆண்டு, கப்பல் எல்லாம் தெரிந்தும் பெயரை அடித்தால் ஒன்றும் வரவில்லை. பட்டியலில் அவர் 'பிளாட் ஹாமில்டன்'! பெயரையும் பிடுங்கிக்கொண்டுதான் ஏற்றியிருக்கிறார்கள்.

படி 1: குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேடித்தரும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, நியூ ஆர்லியன்ஸ் கடலோரக் கப்பல்களின் 1807–1860 அடிமைப் பட்டியல்களைத் திறந்துகொள்ளுங்கள்.

படி 2: தேடுபெட்டியை மறந்துவிடுங்கள். ஆண்டைப் பிடித்து, கப்பல் பெயரைப் பார்த்துப் படங்களைப் புரட்டுங்கள். பெயர்ச் சுட்டிகளை நான் நம்புவதில்லை. தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் ஆளே காணாமல் போய்விடுவார்.

படி 3: கட்டங்களைப் படியுங்கள். 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் அடிமைகளை இறக்குவதற்குத் தடை. உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடை இல்லை. அதனால் 40 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், ஏற்றிச் செல்வோரின் பெயர், பால், வயது, உயரம், நிறம், அனுப்புபவர் விவரம் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, இவர்கள் தடைக்குப் பின் இறக்கப்பட்டவர்கள் அல்லர் என்று சத்தியம் செய்து தர வேண்டும். ஒரு பிரதி புறப்படும் துறைமுகத்தில் தங்கும், மற்றது கப்பலோடு போகும். மேரிகள் ஏராளம், அடி, அங்குலத்தில் எழுதிய உயரம்தான் ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரித்துக்காட்டும்.

என்னை இடறவிட்டது வேறொன்று. கட்டத்துக்குக் கட்டம் 'டி', 'ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்து வரைபடத்தில் தேடினேன்! டிட்டோவின் சுருக்கம் அது, 'மேற்படி' என்று பொருள். அனுப்பியவர் பெயர் வேண்டுமென்றால் விரலை வைத்து மேலே ஏறிக்கொண்டே போங்கள். சில நேரம் முந்தைய பக்கத்தில்தான் கிடைக்கும்.

படி 4: கண்டதை விரிதாளில் எழுதுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள்.

பிற்சேர்க்கை: பட்டியலில் ஆளே இல்லை என்று ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அவர் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த கப்பல்களின் 'உள்வரவு'ப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து டெக்சாஸுக்கும் அனுப்பினார்கள்; 'வெளிச்செல்கை' தனியாக இருக்கிறது. சங்கிலியில் பிணைத்துத் தரைவழி நடத்திச் செல்லப்பட்டவர்கள் இரண்டிலும் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு நியூ ஆர்லியன்ஸ் நோட்டரி ஆவணங்களில் விற்பனைப் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும்.