பேண்டு இல்லாத சுருட்டு: ஊரைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராண்டுப் பெயர் அச்சிட்ட தாள் வளையமான பேண்டைக் கழற்றிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்து, "இது எந்த நாட்டு இலை, சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் நண்பர் கூட்டங்கள் பினாங்கில் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை இருப்பதால், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு முன்வாசலில்தான் இது நடக்கும். கணிப்பு தவறினால் உடனே நாக்கின் மேல் பழி போடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. நாக்கு பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்கிறது. கண்ணும், அவசரமும், சுருட்டை வைத்திருந்த விதமும்தான் ஆளை ஏமாற்றுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மேல் இலையைப் பார்த்ததுமே முடிவுக்கு வருவது. ஒரு சுருட்டில் மூன்று விதமான இலைகள் இருக்கின்றன: உள்ளே நிரப்புவது, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே சுற்றும் மேல் இலை. கியூபாச் சுருட்டில் மூன்றும் கியூபாவிலேயே விளைந்தவை. மற்ற இடங்களில் அப்படி எதிர்பார்க்க முடியாது. வெளியே ஈக்குவடோர் இலை, உள்ளே நிக்கராகுவாவும் டொமினிக்கன் குடியரசும் கலந்த இலை என்பது சர்வசாதாரணம். ஆகவே "எந்த நாடு?" என்ற கேள்விக்கே ஒற்றைப் பதில் இல்லாமல் போகலாம். கறுப்பாக இருந்தால் கடுமையாக இருக்கும் என்ற நினைப்பும் இதோடு சேர்ந்ததுதான். மதுரோ எனப்படும் கறுத்த மேல் இலையின் கறுப்பு நீண்ட நாள் புளிக்க வைப்பதால் வருவது. மெக்சிகோவின் சான் அந்திரேஸ் இலை கன்னங்கரேலென்று இருக்கும். வாயில் கொக்கோ வாசமும் இனிப்பும்தான் முன்னே நிற்கும். தலையைச் சுற்ற வைக்கும் வீரியம், செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் லிஹேரோ இலையிலிருந்து வருகிறது. அது உள்ளே நடுவில் மறைந்திருக்கும்.

விதையையும் மண்ணையும் குழப்புவது இன்னொன்று. இந்த விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குத் தனி உரிமையே உண்டு. நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் டெலியில், 1863இல் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் புகையிலை பயிரிடத் தொடங்கினார். மெல்லிய டெலி மேல் இலைக்கு ஐரோப்பாவில் பெரிய பெயர் கிடைத்தது. அந்தத் தோட்டங்களுக்குப் பினாங்கு வழியாகத்தான் ஆட்கள் போனார்கள், நம்மவர்களும் அவர்களில் உண்டு. மேடான் நகரத்தில் கம்போங் மெட்ராஸ் இன்றும் இருக்கிறது. அந்தச் சுமத்ரா விதை பிறகு கேமரூனுக்கும் ஈக்குவடோருக்கும் போய்விட்டது. அதனால் "சுமத்ரா" என்று சொல்லும்போது விதையைச் சொல்கிறோமா, விளைந்த மண்ணைச் சொல்கிறோமா என்று தெளிவாக இருக்க வேண்டும். முசாங் கிங் பகாங்கில் காய்த்தால் ஒரு சுவை, பாலிக் பூலாவில் காய்த்தால் வேறு சுவை என்று டுரியான் பிரியர்கள் அடித்துப் பேசுவதில்லையா, அதே கதைதான் இதுவும்.

கியூபா விதைக்கும் இதே கதி. புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன புகையிலைக் குடும்பங்களும், 1962இல் வந்த அமெரிக்க வணிகத் தடையும் சேர்ந்து, அந்த விதைகளையும் கைத்தொழிலையும் ஹோண்டுராஸ், நிக்கராகுவா, டொமினிக்கன் குடியரசு என்று பரப்பிவிட்டன. வாயில் வைக்கும் தலைப்பகுதியில் இலையால் ஆன மூன்று சுற்று மூடி இருக்கிறது, எனவே கியூபாதான் என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிக்கராகுவாவின் எஸ்தெலி ஊரில் சுருட்டுபவர்களும் அந்த மூடியை அழகாகவே போடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லை: ஈரம். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். சுருட்டுக்கு 65 முதல் 70 வரை போதும். கியூபாவுக்கு அதற்கும் சற்றுக் கீழே வைப்பவர்கள் உண்டு. டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்த சுருட்டு ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். விரலால் அமுக்கினால் மெத்தென்று அமுங்கி, எழும்பாமல் அப்படியே நிற்கும். பற்றவைத்தால் ஒரு பக்கமாக எரியும், நடுவில் அணையும், புளிப்பும் கசப்பும் வரும். மாறாக, குளிர்சாதன அறையில் திறந்து கிடந்து காய்ந்தது சூடாக எரிந்து தொண்டையைக் குத்தும். அந்தக் குத்தலை மிளகுக் காரம் என்று எடுத்துக்கொண்டு "அண்ணே, இது நிக்கராகுவாதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மூன்று இழுப்பை அவசரமாக இழுத்தாலும் அதே போலிக் காரம் வரும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். ஒப்பிடப் போகும் சுருட்டுகளை எல்லாம் ஒரே ஹியூமிடோரில் (ஈரத்தை அளவாக வைக்கும் சுருட்டுப் பெட்டியில்) சில வாரமாவது சேர்த்து வைத்த பிறகே போட்டி நடத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் கணிப்பது நாட்டை அல்ல, டப்பாவை. சூடு ஏறினால் புகையிலை வண்டு முட்டை பொரிந்துவிடும் என்பதால் இங்கே குளிரூட்டமும் தேவைப்படுகிறது.

வாய்க்கு வருவோம். நாசி கண்டார் குழம்பும் பெலாச்சான் சம்பலும் சாப்பிட்ட கையோடு உட்கார வேண்டாம். கோப்பி ஓ குடித்தபடி புகைத்தால் எல்லாச் சுருட்டிலும் வறுத்த வாசமே கிடைக்கும். வெறும் தண்ணீர் போதும். பலரும் கவனிக்காதது காலடியில் புகையும் கொசுவத்திச் சுருள். வாசத்தைப் பிடிக்க வேண்டியது மூக்கு; அதற்குப் பக்கத்திலேயே வேறொரு புகையை வைத்துக்கொண்டு தேவதாரு மணம் தெரிகிறதா என்று தேடுவது வீண். காற்றாடியைப் போட்டு உட்காருங்கள், ஆனால் காற்று சுருட்டின் நுனியில் நேராகப் படக் கூடாது.

புகையை நுரையீரலுக்குள் இழுக்கவே கூடாது. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டால் வாசம் பிரியும். ஒரு இரவுக்கு ஒரு சுருட்டு என்பதே என் கணக்கு. அதற்கு மேல் போனால் நிக்கோட்டின் மயக்கத்தில் நாக்கு மரத்துப்போகும். உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. புகைக்காதவர்களை இதற்காகப் பழக்கி இழுத்து வராதீர்கள்.

பேண்டைப் பிய்க்கும்போது பசை ஒட்டி மேல் இலை கிழியலாம். கழற்றிய இடத்தில் நிறம் வேறாகத் தெரிந்து, பேண்டின் அகலமே பிராண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். அதைவிட எல்லாவற்றுக்கும் ஒரே அகலத்தில் வெள்ளைத் தாளைப் பேண்டின் மேலேயே சுற்றி, எண் போட்டுவிடுவது நல்லது. தாளைச் சுற்றியவர் வாய் திறக்கக் கூடாது. முடிந்தால் அவர் அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம். மற்றவர்களும் சுருட்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கு வரும்வரை பேசாமல் எழுதட்டும். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் "கியூபா" என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடமே எல்லோருக்கும் பதனிட்ட தோலின் வாசம் வரத் தொடங்கிவிடும்.

எழுதும் வரிசையும் முக்கியம். முதலில் வீரியம் எப்படி, பிறகு வாசம் என்ன, எந்தப் பகுதியில் மாறியது, அதன் பிறகே நாடு. நாட்டை முதலில் எழுதினால் மீதியெல்லாம் அதற்குச் சாட்சி தேடுவதாகிவிடும். பிராண்டைத் தொடவே வேண்டாம். விடைத்தாளிலும் மேல் இலை, கட்டு இலை, உள் இலை என்று மூன்று பத்தி போட்டுத் தனித்தனியாக மதிப்பெண் கொடுங்கள். உள் இலையைச் சரியாகச் சொன்னவருக்கு மேல் இலையைச் சொன்னவரைவிட இரண்டு மடங்கு.